வன்னியில் வீட்டு விருந்து: காலம் பார்த்துச் சமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலப் பக்கங்களில் வீட்டு முற்றத்திலேயே அடுப்பு மூட்டி 20 பேர் முதல் 100 பேர் வரை சாப்பாடு போட நினைப்பவர்கள், விருந்துச் சமையல் செய்யும் எங்களிடம் கேட்பவை இவை. வேறு விதமாகச் சொல்லாத இடத்தில் நிறை என்பது சமைக்காத பொருளின் நிறை. 100 பேரைத் தாண்டினால் ஆள் பிடித்துச் செய்யுங்கள். அந்தளவு சோற்றை வடிக்கக் கைப்பலமும் பழக்கமும் உள்ள இரண்டு பேர் வேண்டும்.

விருந்தென்றால் முதலில் எதைத் தீர்மானிக்கிறது? கறிகளையா, ஆளெண்ணிக்கையையா?

இரண்டையும் அல்ல. மாதத்தையும் சாப்பிடும் நேரத்தையும் முதலில் தீர்மானியுங்கள். சந்தையில் என்ன மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கும் என்பதை மாதம் சொல்லும். எந்தக் கறி கெடாமல் நிற்கும் என்பதை நேரம் சொல்லும். பங்குனி வெயிலில் மதியம் 2 மணிக்குப் பரிமாறப் போகிற சொதியும், மார்கழி இரவில் பரிமாறப் போகிற சொதியும் ஒன்றல்ல.

அடுத்தது, அது மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கக்கூடிய நாளா என்று பாருங்கள். வெள்ளி, செவ்வாய், கந்தசஷ்டி, புரட்டாதிச் சனி இவற்றை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலை ஒட்டிய நாட்களில் முல்லைத்தீவுப் பக்கத்துப் பல வீடுகள் சைவமாக இருப்பதை வெளியூரிலிருந்து வந்து விருந்து வைப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். கத்தோலிக்க உறவினர் வருவதென்றால் தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளைத் தவிருங்கள். முஸ்லிம் நண்பர்களை அழைத்தால் இறைச்சியை ஹலால் கடையில் வாங்கிவிட்டு, அதை வரும்போதே சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க வைப்பது அழகல்ல.

50 பேருக்கு மதியச் சோறு கறி. எவ்வளவு வாங்கவேணும்?

ஐந்து கறி, பொரியல், தயிர் என்ற வழக்கமான சைவச் சாப்பாட்டுக்கு நாங்கள் எடுக்கும் அளவு:

- அரிசி 7 கிலோ (வயல் வேலை செய்பவர்கள் அதிகமென்றால் 8)
- பருப்பு 1½ கிலோ
- கத்தரிக்காய்க் குழம்புக்குக் கத்தரிக்காய் 4 கிலோ
- பால்கறிக்குப் பூசணி அல்லது வாழைக்காய் 4 கிலோ
- பயற்றங்காய் 3½ கிலோ
- கீரை 15 கட்டு
- தேங்காய் 16 முதல் 18
- சின்ன வெங்காயம் 3 கிலோ, பச்சை மிளகாய் ½ கிலோ, உள்ளி ½ கிலோ
- தேங்காய் எண்ணெய் 2½ லீற்றர்
- அப்பளம் 120, மோர்மிளகாய் 250 கிராம்
- தயிர் 5 லீற்றர்

மச்சம் என்றால் துப்புரவாக்கிய மீன் 7 கிலோ, அல்லது எலும்போடு கோழி 8 கிலோ, அல்லது ஆட்டிறைச்சி 7 கிலோ. முழு மீனாக வாங்கும்போது 10 கிலோ எடுங்கள். குடல், செவுள், செதில், தலை என்று மூன்றிலொரு பங்கு போய்விடும். மச்சம் வைக்கும் நாளில் மரக்கறியில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். யாரும் தொடாத ஐந்தாவது கறி கடைசியில் மாட்டுக்குத்தான் போகும்.

சிறுபிள்ளைகளை அரை ஆளாகக் கணக்கிடுங்கள். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அழைத்தவர் தனியாக வருவதில்லை.

மாசியில் வெட்டின நெல்லை அரைப்பிச்சுச் சமைச்சால் சோறு களியாகுது. ஏன்?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை பெரும்போக நெல் வீட்டுக்கு வருகிறது. வீட்டில் மூட்டை மூட்டையாக இருக்கும்போது கடையில் அரிசி வாங்க யாருக்கும் மனம் வராது. ஆனால் புது அரிசியில் ஈரம் மிச்சமிருக்கும். அதன் மாச்சத்து இறுகியிருக்காது, கொதிக்கும்போது எளிதில் கரைந்து கஞ்சியோடு கலந்து சோற்றை ஒட்டவைக்கும். ஆறு மாதம் வைத்த அரிசி இறுகிவிடும், தண்ணீரை மெதுவாக இழுத்துப் பருத்துத் தனித்தனியாக நிற்கும். பழைய அரிசிக்குப் பழகிய கை புது அரிசிக்கும் அதே தண்ணீரை வைப்பதால்தான் களியாகிறது.

விருந்துக்குப் புது அரிசிதான் என்றால் புழுங்கல் அரிசியாகப் பாருங்கள். புழுக்கும்போது மாச்சத்து ஒருமுறை வெந்து இறுகிவிடுவதால் அது தாங்கும். பச்சரிசியைப் பொங்கலுக்கும் மாவுக்கும் ஒதுக்குங்கள். முடிந்தால் பாதிக்குப் பாதி பழைய அரிசி கலக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். அது வேண்டாம். இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வெந்து, ஒரு பாதி குழைய மறுபாதி நறுக்கரிசியாக நிற்கும்.

வடிக்கும் முறை இது. அரிசியின் அளவைப்போல் ஐந்து, ஆறு மடங்கு தண்ணீரைக் கிடாரத்தில் நன்றாகக் கொதிக்கவிட்டு, களைந்த அரிசியைப் போடுங்கள். மறுபடி கொதி வரும்வரை அகப்பையால் அடியைத் தொட்டு இரண்டு முறை கிளறினால் போதும். அதற்குப் பிறகு கிளறினால் அரிசி உடையும். நெருப்புக் குறையக்கூடாது. ஒரு பருக்கையை விரல்களுக்கிடையில் நசுக்கிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனையளவு வெள்ளை மட்டும் தெரியும்போது வடியுங்கள். புது அரிசியென்றால் அந்த வெள்ளை கொஞ்சம் பெரிதாக இருக்கும்போதே, ஏறக்குறைய மூன்று நான்கு நிமிடம் முன்னதாக, வடித்துவிட வேண்டும். வடித்த பிறகு மூடித் தணலில் 10 நிமிடம் வைத்தால் மீதி வேலையை ஆவி செய்யும்.

7 கிலோவையும் ஒரே கிடாரத்தில் போடாதீர்கள். அடியில் கிடக்கும் சோறு மேலே உள்ளதன் பாரத்தால் நசிந்து குழையும். 3½ கிலோவாக இரண்டு தடவை வடித்து, வாழையிலை விரித்த கடகத்தில் கொட்டி மூடுங்கள்.

வடிக்காமல் வற்றவிட்டுச் சமைப்பதென்றால், ஒரு சுண்டு புதுப் பச்சரிசிக்கு ஒன்றரைச் சுண்டு தண்ணீர், பழையதற்கு இரண்டு.

தைப்பொங்கலில அரிசி வேகாமல் நிற்குது, இல்லாட்டில் பால் திரையுது. எங்கே பிழை?

அரிசி வேகாமல் நிற்பதற்குக் காரணம் சர்க்கரையை முந்திப் போடுவது. இனிப்பு ஏறிய தண்ணீரில் அரிசியும் பயறும் மெதுவாகத்தான் மெத்தென்று ஆகும். இரண்டையும் விரலால் மசிக்கக்கூடிய பதத்துக்கு வேகவிட்ட பிறகே சர்க்கரை.

10 பேருக்குச் சிவப்புப் பச்சரிசி 500 கிராம், வறுத்துக் கோதுநீக்கிய பயறு 100 கிராம், சர்க்கரை 500 கிராம், ஒரு தேங்காயின் பால், பசுப்பால் அரை லீற்றர், கஜு 50 கிராம், முந்திரிகை வற்றல் 50 கிராம், ஏலக்காய் 6. பானையில் பசுப்பாலும் தண்ணீருமாக 2 லீற்றர் பொங்கவேண்டும். பொங்கிய பிறகு அரிசியும் பயறும். புது அரிசியாக இருந்தால் தண்ணீரை ஒரு குவளை குறைத்து வைத்து, தேவைப்பட்டால் சுடுதண்ணீராகச் சேருங்கள். சர்க்கரையைத் தனியே கரைத்து வடித்துச் சேர்ப்பது நல்லது, கல்லும் தும்பும் இருக்கும்.

பால் திரைவது கடும் நெருப்பில் சர்க்கரைப்பாணி சேருவதால். விறகை வெளியே இழுத்து, கொதி அடங்கியதும் பாணியை ஊற்றுங்கள். தேங்காயின் முதற்பால் கடைசியில், ஒரு கொதியோடு இறக்க வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. அந்த நேரம் மீன் கிடைக்குமா?

வாடை பெயர்ந்து முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கரையில் தொழில் தடைப்படும் நாட்கள் அதிகம். அந்த மாதங்களில் மீனை முக்கியக் கறியாக வைத்து விருந்து நாள் குறிப்பது சூதாட்டம். மன்னார்க் கரையிலிருந்து வருவதைப் பார்க்கலாம். அல்லது குளத்து மீனுக்குத் திரும்பலாம். குளம் வான் பாயும் நேரத்தில் விராலும் ஜப்பான் மீனும் (திலாப்பியா) தாராளமாகக் கிடைக்கும். நல்ல கருவாடு கொஞ்சம் வாங்கி வைத்திருந்தால் கத்தரிக்காயோடு குழம்பு வைத்துச் சமாளிக்கலாம்.

சித்திரை முதல் ஆவணி வரை முல்லைத்தீவுப் பக்கத்தில் நிலைமை நேர்மாறு. பாரை, விளைமீன், கணவாய் எல்லாம் அப்போது பாருங்கள்.

எந்தக் காலமானாலும் சூரை, கும்பளா இரண்டையும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்ததாக வாங்காதீர்கள். அவற்றின் தசையில் உருவாகும் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. சாப்பிட்ட அரைமணி நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும்.

குளத்து மீனில் சேறு மணக்குது. விருந்தாளிக்கு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். வயிற்றின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கறுத்தச் சவ்வை உப்புப் போட்டுத் தேய்த்து முழுதாக எடுங்கள், மணத்தில் ஒரு பங்கு அதோடு போகும். விராலென்றால் தோலை உரித்துவிடுங்கள். பிறகு பழப்புளி கரைத்த தண்ணீரில் அல்லது தேசிக்காய்ப் புளியில் 20 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். சேற்று மணத்தைக் கொடுக்கும் பொருள் புளிப்பில் சிதைந்துவிடும். பால்கறியாக வைக்காமல், வெந்தயமும் உள்ளியும் தூக்கலாகப் போட்ட புளிக்குழம்பாக வையுங்கள்.

ஒடியற்கூழை விருந்தாக வைக்கலாமா? அளவு சொல்லுங்கோ.

மழைக்கால மாலைக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை என்பது எங்கள் அபிப்பிராயம். ஒரே பானை, தட்டுக் கழுவும் வேலை குறைவு, எல்லோரும் அடுப்பைச் சுற்றி இருக்கலாம். தை மாசியில் பனங்கிழங்கைக் கிண்டிப் பச்சையாகவே காயவைத்ததும் புது ஒடியல் வரும். மழைக்காலத்தில் கடந்த வருட ஒடியல்தான் இருக்கும். பூச்சி விழாமல், பூஞ்சண மணம் இல்லாமல் இருக்கிறதா என்று முறித்து முகர்ந்து பார்த்து அரைப்பியுங்கள். புழுக்கொடியல் மாவை வாங்கிவிடாதீர்கள், அது அவித்துக் காயவைத்த கிழங்கின் மா, கூழ் தடிக்காது.

12 பேருக்கு: ஒடியல் மா 250 கிராம், நண்டு 1 கிலோ, இறால் ½ கிலோ, முள் குறைந்த மீனும் இரண்டு மீன் தலையும் சேர்த்து 1 கிலோ, மரவள்ளிக்கிழங்கு 300 கிராம், பலாக்கொட்டை 25, பயற்றங்காய் 150 கிராம், கழுவிய அரிசி ஒரு சிறங்கை, முருங்கையிலை இரண்டு பிடி, செத்தல் மிளகாய் 15 முதல் 20, பழப்புளி 75 கிராம், மஞ்சள், உப்பு, தண்ணீர் 4 லீற்றர்.

மாவை முதலில் நிறையத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் அடையவிடுங்கள். மேலே நிற்கும் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி ஒருமுறை அப்படியே செய்யுங்கள். இதைத் தவிர்த்தால் கூழ் கைக்கும், சிலருக்குத் தலைச்சுற்றும் வரும்.

தண்ணீர் கொதித்ததும் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி. அவை முக்கால் பதம் வெந்த பின் பயற்றங்காயும் நண்டும் மீன் தலையும். 10 நிமிடம் கழித்து மீனும் இறாலும். அதன் பிறகு உப்போடு அரைத்த மிளகாயையும் புளியையும் ஒடியல் கரைசலில் கலந்து, ஒருவர் ஊற்ற ஒருவர் துழாவ வேண்டும். கட்டி விழுவது துழாவாமல் ஊற்றுவதால். 15 நிமிடம் மெல்லிய நெருப்பில் துழாவி, முருங்கையிலையைப் போட்டு இறக்குங்கள். அடுப்பில் இருக்கும்போது தண்ணியாகத் தெரிந்தாலும் ஆறும்போது இறுகும். அகப்பையின் பின்புறத்தில் படிந்து நிற்கும் அளவே போதும்.

பிளாவில் (பனையோலையில் கோலிய ஏனம்) ஊற்றிக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் சிரட்டை, துடைத்து வழவழப்பாக்கியது. பலாவிலையை மடித்து ஈர்க்கால் குத்தினால் கரண்டி. வருபவர்களில் ஒருவர் நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவராக இருக்கலாம். அவருக்கு மரக்கறிக் கூழைத் தனிச் சட்டியில் வையுங்கள், அதே அகப்பையைப் போடாமல்.

மரவள்ளியோடு இஞ்சி சேர்ப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை மீறத் தேவையில்லை. ஆனால் அதைவிட முக்கியம், கிண்டி இரண்டு நாளுக்கு மேலான, நீலம் அல்லது கறுப்புக் கோடு விழுந்த கிழங்கை எறிந்துவிடுவது. வேறு கறிக்கு அவிக்கும்போது மூடாமல் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

மழையிலயும் காத்திலயும் வெளி அடுப்பு எப்பிடி?

தரையில் மூட்டாதீர்கள். இரண்டு வரிசை புளொக் கல் அடுக்கி அதன்மேல் அடுப்பு. கிடுகுக் கொட்டிலுக்குள் பெரிய அடுப்பு வேண்டாம், தகரக் கூரை போடுங்கள். கிடுகுதான் இருக்கிறதென்றால் அடுப்பிலிருந்து கூரைக்கு இரண்டு ஆள் உயரம் இருக்கட்டும், அருகில் தண்ணீர் பீப்பா இருக்கட்டும். விறகை இரண்டு வாரம் முன்பே கொட்டிலுக்குள் ஏற்றிக் காயவிடுங்கள். பச்சை விறகின் புகை சோற்றில் ஏறினால் எடுக்க வழியில்லை. மூட்டுவதற்குப் பன்னாடையும் சிரட்டையும் போதும். மண்ணெண்ணெய் வேண்டாம்.

ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது மேற்குப் பக்கத்தைத் தகரத்தால் மறையுங்கள். புழுதி அப்படியே கிடாரத்துக்குள் போகும் காலம் அது.

வெயில் காலத்தில் கறி பழுதாகாமல் இருக்க?

32 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் இருக்கும் நாளில் சமைத்த உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறிக்கிடக்கக்கூடாது. சித்திரை வைகாசியில் வன்னியில் மதியம் என்றால் அதுதான் வெப்பம். ஆகவே ஒன்றில் ஆவி பறக்கச் சூடாக, 60 பாகைக்கு மேல், தணலில் வைத்திருங்கள். அல்லது பரிமாறும் நேரத்துக்குச் சற்று முன் இறக்குங்கள்.

முதலில் கெடுவது தேங்காய்ப்பால் கறி, தேங்காய்ச் சம்பல், பருப்பு. தேங்காய் சேராத புளிக்குழம்பு, பிரட்டல், நன்றாகப் பொரித்த கத்தரிக்காய் தாங்கும். அதனால் வெயில் காலத்தில் ஐந்து கறியில் இரண்டுக்கு மேல் பால் விடவேண்டாம் என்று சொல்வோம். சம்பலை முதல் பந்தி இருக்கும்போது இடித்தாலும் பிந்தவில்லை.

சோற்றையும் அலட்சியம் செய்யாதீர்கள். வெந்த சோற்றிலும் உயிரோடிருக்கும் கிருமி வித்து ஒன்று உண்டு. வெதுவெதுப்பில் கிடந்தால் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

சொதி திரையுது, பால்கறி எண்ணெய் மிதக்குது.

பால் விட்ட பிறகு கொதிக்கவிடுவதும், அடுப்பில் வைத்துக்கொண்டே தேசிக்காய் விடுவதும்தான் காரணம். ஒரு நடுத்தரத் தேங்காய்க்கு 150 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிழிந்தது முதற்பால். மறுபடி அரை லீற்றர் விட்டுப் பிழிந்தது இரண்டாம் பால். காயை இரண்டாம் பாலில் வேகவையுங்கள். முதற்பாலை விட்டதும் அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்குங்கள். புளி இறக்கிய பிறகுதான்.

காலையில் பிழிந்த பாலை மதியத்துக்கு வைத்திருப்பதென்றால் ஐஸுக்குள் வையுங்கள். வெளியில் வைத்தால் புளிக்கும்.

ஆடியில வெளிநாட்டுச் சொந்தக்காரர் வருகினம். என்ன செய்து குடுக்கலாம்?

அவர்கள் கேட்பது பிறியாணி அல்ல. ஆடிப்பிறப்பு அந்தக் காலத்தில்தான் வருகிறது, கூழும் கொழுக்கட்டையும் போடுங்கள். 10 பேருக்குப் பயறு 100 கிராமை வறுத்து அவித்துக்கொள்ளுங்கள். வறுத்த பச்சரிசி மா 200 கிராமில் 150ஐச் சுடுதண்ணீரில் குழைத்துச் சிறு உருண்டைகளாக உருட்டுங்கள். இரண்டு தேங்காயின் இரண்டாம் பாலும் தண்ணீருமாக 2 லீற்றர் கொதிக்கும்போது உருண்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கொதி அடங்கி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டும். மிதந்த பின் பயறும், கரைத்த மீதி மாவும், வடித்த பனங்கட்டிப் பாணியும் (400 கிராம்), தேங்காய்ச் சொட்டும், கடைசியில் முதற்பாலும் ஏலமும்.

குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கொடுங்கள், அல்லது போத்தலில் வாங்குங்கள். சர்பத்துக்குப் போடும் ஐஸும் அதே தண்ணீரில் செய்ததாக இருக்கவேண்டும். எல்லாம் பார்த்துச் செய்துவிட்டு இந்த ஐஸில்தான் பலர் கோட்டை விடுவது. உறைப்பையும் பாதியாகக் குறைக்காதீர்கள். ஒரு கறியை மட்டும் உறைப்பில்லாமல் வைத்தால் பிள்ளைகள் அதைச் சாப்பிடுவார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்ன இனிப்பு வைக்கலாம்?

அந்தந்த மாதப் பழம். வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான். பாலைப்பழம் வரும்போது ஒரு சுளகு நிறைய வையுங்கள், உதட்டில் பால் ஒட்டும் என்று புதியவர்களுக்குச் சொல்லி, துடைக்கக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் பக்கத்தில். விளாம்பழக் காலத்தில் பழத்தைத் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்துக் கரைத்து, கொட்டை போக வடித்தால் ஒரு பழத்துக்கு இரண்டு குவளை வரும். மற்றப்படி எருமைத்தயிரும் பாணியும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும்.

எருமைத்தயிரை வீட்டில் உறைய வைத்தால் நூலாக இழுபடுது.

பால் நன்றாக ஆறிய பிறகு உறை போட்டிருக்கிறீர்கள், அல்லது உறைத்தயிரே பழசு. பாலைக் கிளறிக் கிளறிக் காய்ச்சி, சுண்டுவிரலை உள்ளே வைத்துப் பத்து எண்ணும்வரை தாங்கக்கூடிய சூட்டில், அதாவது 40 முதல் 43 பாகையில், லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி புதுத் தயிர் கலந்து மண்சட்டிகளில் ஊற்றுங்கள். அதற்குப் பிறகு அசைக்கக்கூடாது. வெயில் காலத்தில் 6 மணி நேரம், மழைக்காலத்தில் 10 முதல் 12. மழைநாளில் சட்டியைச் சாக்கால் சுற்றி அடுப்பங்கரையில் வையுங்கள். சூடு கூடிவிட்டால் நூல் இழுக்காது, மணல்போலத் திரைந்து தண்ணீர் விடும்.

பனங்காய்ப் பணியாரம் கைக்குது.

பனங்களியைப் போதியளவு காய்ச்சவில்லை. ஆவணி, புரட்டாதியில் தானாக விழுந்த, மணம் வீசும் பழமாக எடுங்கள். தோலை உரித்து, மிகக் குறைந்த தண்ணீர் தெளித்துப் பிசைந்து துணியில் வடியுங்கள். ½ லீற்றர் களிக்கு 200 கிராம் சீனியும் உப்பும் போட்டு, நுரை அடங்கிப் பச்சை மணம் போகும்வரை காய்ச்சி, முழுதாக ஆறவிடுங்கள். பிறகு வறுத்த கோதுமை மா 400 கிராமும் அவித்த அரிசிமா 100 கிராமும் சேர்த்துப் பிசைந்து, நடுத்தரச் சூட்டு எண்ணெயில் கிள்ளிப் போடுங்கள். எண்ணெய் கடுஞ்சூடானால் வெளியே கறுத்து உள்ளே மா நிற்கும். அடுத்த நாள்தான் ருசி ஏறும் என்பதால் விருந்துக்கு முதல்நாளே சுட்டுவிடலாம்.

மாலை விருந்துக்குப் புட்டும் இடியப்பமும். எத்தனை மணிக்கு அவிக்கிறது?

இடியப்பத்தை இரண்டு மணி நேரம் முன்னரே அவித்து, ஆவி போனபின் ஓலைப்பெட்டியில் அடுக்கலாம். சுடச்சுட அடுக்கினால் வியர்த்து ஒன்றாகும். 1 கிலோ மாவில் ஏறக்குறைய 50 வரும், ஆளுக்கு 6 கணக்கிடுங்கள். புட்டு அப்படியல்ல, பரிமாறும் நேரத்துக்கு அரைமணி முன்தான். மா வறுத்த பதம் தெரிய ஒரு சிட்டிகை எடுத்துக் கோடு போட்டுப் பாருங்கள். அறாமல் ஓடினால் சரி. புது நெல் மாவென்றால் இன்னும் ஐந்து நிமிடம் வறுங்கள், இல்லாவிட்டால் நீத்துப்பெட்டியில் கட்டிபடும்.

மதியம் 12.30க்குப் பந்தி. வேலையை எப்பிடிப் பிரிக்கிறது?

முதல்நாள் மாலை: வெங்காயம் உள்ளி உரித்தல், தூள் அளத்தல், தேங்காய் உரித்து வைத்தல் (உடைக்கக்கூடாது). காலை 6 மணிக்குக் காய் வெட்டத் தொடங்குங்கள். 7.30க்குப் புளிக்குழம்பு அடுப்பில், அது நின்று ஊறினால் நல்லது. இறைச்சி 8.30க்கு. ஆட்டிறைச்சியாக இருந்தால் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி அரைத்த பச்சைப் பப்பாசி தடவி அரைமணி மட்டும் வையுங்கள், கூடினால் மாவாகும். 9.30க்குத் தேங்காய் திருவுதல். 10.15க்குப் பருப்பு, பால்கறி. முதற் சோற்றுக்கு 10.30க்கு உலை, இரண்டாவதுக்கு 11.15க்கு. வறை, கீரை 11.30க்கு. அப்பளம் 12 மணிக்கு, ஈரக்காற்றுள்ள நாளில் பொரித்ததும் தகரத்தில் போட்டு மூடுங்கள்.

சைவக்காரருக்கும் மச்சக்காரருக்கும் தனித்தனியாகச் சமைப்பதென்றால் இந்த வரிசையை மாற்றி, சைவக் கறிகளை முதலில் முடித்து மூடி வேறிடத்தில் வைத்துவிட்டு மச்சத்தைத் தொடுங்கள். அகப்பை, வெட்டுப்பலகை, கத்தி தனி. விரதகாரர் ஒருவர் இருந்தாலும் அவருக்கான பரிமாறும் ஆளும் தனியாக இருக்கட்டும்.

உப்புக் கூடிவிட்டது, அல்லது சோறு அடிப்பிடித்துவிட்டது. காப்பாற்றலாமா?

உருளைக்கிழங்கு உப்பை இழுக்கும் என்பது அரைகுறை உண்மை. கறியின் அளவு கூடுவதால்தான் உப்புக் குறைகிறது. அதே கறியை உப்பில்லாமல் கால்பங்கு தனியாக வைத்துக் கலப்பதுதான் சரி. பால்கறியென்றால் முதற்பால் கொஞ்சம் கூட்டலாம்.

அடிப்பிடித்த சோற்றைக் கிளறவே கூடாது. கிடாரத்தை இறக்கி ஈரச்சாக்கின்மேல் வைத்து, மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு அள்ளுங்கள். அடியில் மூன்று விரல் கனத்தை விட்டுவிடுங்கள். மேற்சோற்றிலும் மணம் ஏறியிருந்தால் பாதியாக வெட்டிய வெங்காயத்தை நடுவில் வைத்து 10 நிமிடம் மூடுங்கள். லேசான மணம் போகும், கடுமையானது போகாது.

மிஞ்சினதைக் கட்டிக் குடுக்கலாமா?

பந்தி முடிந்த உடனே, சூடாக இருக்கும்போது, இன்று இரவே சாப்பிடச் சொல்லிக் கொடுங்கள். பொரியல், பணியாரம், புளிக்குழம்பு தாராளமாகக் கொடுக்கலாம். சொதி, சம்பல், மீன், தயிர் கலந்த பச்சடி இவற்றைக் கட்டவேண்டாம். தண்ணீர் ஊற்றி வைத்த சோறு அடுத்த நாள் காலைப் பழஞ்சோற்றுக்கு வீட்டுக்காரருக்கே போதும். லஞ்ச் சீற்றில் சுடுசோறு கட்டாமல் வாழையிலையில் கட்டுங்கள். இலையைத் தணலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது.